மாறியும் மனிதனும்

அலுவலகம் என்னும் அமைப்புத் தோன்றிய காலந்தொட்டே, ‘ஒன்று நிகழ்ந்தால் மற்றொன்று செய்யப்படல் வேண்டும்’ என்னும் நியதியும் அதனுடன் கூடவே தோன்றிவிட்டது எனலாம். தபாற்பையில் ஒரு விண்ணப்பம் வந்து சேர்ந்தால் அதற்குத் திகதி முத்திரை இடப்படும். முத்திரை இடப்பட்டதும் பதிவேட்டில் இலக்கம் பெறும். இலக்கம் பெற்றதும் உரிய கோவையிற் சேரும். கோவை பிரதம இலிகிதரின் மேசையை அடையும். இச்சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மனிதர் இருந்தார். அவர் சோம்பேறியாக இருந்திருக்கலாம், சிடுமூஞ்சியாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் கோவையைத் திறந்தபோது அதிலிருந்த பெயரை அவர் வாசித்தார். அப்பெயர் தமக்குத் தெரிந்த ஒருவருடையதாயின் அவரது பேனா ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணத் தயக்கம் எந்த நிருவாகச் சுற்றறிக்கையிலும் விதிக்கப்பட்டதன்று. ஆனால் அலுவலகத்தின் மனிதத்தன்மை பெரும்பாலும் அதிலேயே தங்கியிருந்தது.

இன்று இச்சங்கிலியின் பெரும்பகுதியைக் கணனி மென்பொருள் ஏற்றுக்கொண்டுள்ளது. ஊழியர் ஒருவர் சேர்ந்தால் வரவேற்புக் கடிதம், தகுதிகாண் காலம் முடிந்தால் நினைவூட்டல், விடுமுறை கோரினால் மேலாளருக்கு அறிவித்தல் என்பனவெல்லாம் மனிதர் கைபடாமலே நடைபெறுகின்றன. இவற்றை நடத்துவிக்கும் விதிகள் மூன்று உறுப்புக்களைக் கொண்டவை. முதலாவது நிகழ்வு, இரண்டாவது நிபந்தனை, மூன்றாவது செயல். நிகழ்வு விதியைத் தூண்டுகிறது, நிபந்தனை அதனைத் தடுக்கிறது அல்லது விடுகிறது, செயல் பின்தொடர்கிறது. இம்மூன்றையும் இணைத்து நிற்பது மாறி. பாடசாலையில் அட்சரகணிதம் கற்ற எவரும் மாறியை அறிவர். பெறுமானம் இன்னதெனத் தெரியாத ஒன்றுக்கு இடப்பட்ட பெயரே அது. அங்கே அதனுள் எண் புகுந்தது. இங்கே அதனுள் மனிதன் புகுகிறான். அவன் பெயர் ஒரு மாறி. அவன் சேர்ந்த திகதி ஒரு மாறி. அவன் இருக்கிறானா இல்லையா என்பதும் ஒரு மாறி.

இக்கருத்து நேற்று முளைத்ததன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளராயிருந்த கே. பி. ஈஸ்வரன் என்பார், தரவுத்தளம் ஒன்றினுள் இத்தகைய தூண்டல்கள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது பற்றி 1976ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1999ஆம் ஆண்டு வெளியான எஸ்.கியூ.எல். மொழியின் நியமத்திலே தூண்டல் முறையாக இடம்பெற்றது. அதுவரையும் அதன் பின்னரும் இது நிரலாளர்களின் கைத்தொழிலாகவே இருந்தது. 2016இல் ‘மைக்ரோசொஃப்ட் ஃபுளோ’ என்னும் பெயரில் வெளிவந்து, 2019இல் ‘பவர் ஓட்டோமேற்’ எனப் பெயர் மாறிய மென்பொருளும் அதனையொத்த பிறவும் இந்நிலையை மாற்றின. நிரல் எழுதத் தெரியாத அலுவலரும் திரையிலே பெட்டிகளை அடுக்கி விதி வகுக்கலாயினர். கருவி எளிதாயிற்று. ஆயின் கருவி எளிதானமையால் பொறுப்பும் எளிதாயிற்று என்று கொள்வது தவறாகும். கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் ஆளணிப் பிரிவிலே பணியாற்றிய யாழ்ப்பாணத்துப் பட்டதாரிப் பெண்ணொருத்தியின் அனுபவம் இதனை நன்கு உணர்த்தும்.

அவளுக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை இலகுவானதாகவே தோன்றிற்று. சில நூறு ஊழியர்களின் விபரங்கள் ஏற்கெனவே தரவுத்தளத்தில் இருந்தன. அவற்றில் மாற்றம் நிகழுந்தோறும் உரிய கடிதம் தானாகவே செல்லும்படி விதிகளை அமைத்தல் வேண்டும். முதற்பெயர், கடைப்பெயர், முகவரி, சேர்ந்த திகதி, பிரிவு, பணிநிலை என மாறிகளை அவள் நிரற்படுத்தினாள். தன் பெயரையும் கற்பனையான சில பெயர்களையும் இட்டுச் சோதித்தாள். கடிதங்கள் பிழையின்றி வந்தன. ஒரு வாரத்துள் வேலை முடிந்தது, முகாமையாளரும் பாராட்டினார்.

முதற் குறை பெயரிலே வெளிப்பட்டது. பத்தாண்டு சேவை நிறைந்தோருக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்பும் விதி இயங்கத் தொடங்கிய மாதத்திலே, களஞ்சியப் பிரிவைச் சேர்ந்த வயதான ஊழியரொருவர் கடிதத்தைக் கையிற் பிடித்தவாறே மாடியேறி வந்தார்.

“மிஸ், அப்பா மோசம்போய்ப் பன்னிரண்டு வருசம். கொம்பனி ஏன் அவருக்கு வாழ்த்து அனுப்புது?”

அவர் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டார். ஆயினும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபோது அவருடைய முகத்திற் சிரிப்பு இல்லை என்பதை அவள் கவனித்தாள். நடந்தது இதுதான். மென்பொருளை ஆக்கியோர் மேலைநாட்டு வழக்கத்தை மனத்திற் கொண்டு, ஒவ்வொரு மனிதனுக்கும் முதற்பெயர் ஒன்றும் குடும்பப்பெயர் ஒன்றும் உண்டென எண்ணி இரண்டு பெட்டிகளை அமைத்திருந்தனர். தமிழருடைய பெயரிலோ தந்தையின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் நிற்கும். குடும்பப்பெயர் என்பதொன்று இல்லை. சிங்களப் பெயர்கள் பலவற்றில் வாசகமப் பெயர் முன்னே நிற்க, ஆளின் பெயர் இடையிலே வரும். முஸ்லிம்களின் பெயரமைப்பு இன்னொரு வகையானது. தரவைப் பதிந்த இலிகிதர்கள் அடையாள அட்டையிற் கண்ட ஒழுங்கின்படியே பெட்டிகளை நிரப்பியிருந்தனர். ஆகவே ‘அன்புள்ள’ என்ற சொல்லின் பின்னால் தந்தை வந்து நின்றார். மென்பொருளைப் பொறுத்தவரையில் அது பிழையன்று. கேட்ட பெட்டியில் இருந்ததை அது எடுத்துக் கொடுத்தது.

இதற்கு அவள் கண்ட பரிகாரம் எளிமையானது. ‘அழைக்கும் பெயர்’ என்று புதியதொரு மாறியை உண்டாக்கினாள். அதனை எந்தப் பெட்டியிலிருந்தும் ஊகித்துப் பெறாமல், ஒவ்வொருவரிடமும் நேரே கேட்டு நிரப்பச் செய்தாள். ‘உங்களை எப்படி அழைக்கவேண்டும்?’ என்ற வினாவை அந்நிறுவனம் அதற்குமுன் எவரிடமும் கேட்டதில்லை. நிரப்பப்படாத இடங்களும் சில இருந்தன. அவற்றை வெறுமையாக விட்டால் ‘அன்புள்ள’ என்பதன் பின்னால் ஒரு காற்புள்ளி மட்டும் அநாதையாக நிற்கும். அதனினும் ஆபத்தான ஒன்றையும் அவள் அறிந்தாள். எஸ்.கியூ.எல். மொழியிலே வெற்றுப் பெறுமானம் எதனோடும் சமமன்று; இன்னொரு வெற்றுப் பெறுமானத்தோடும் சமமன்று. ‘விற்பனைப் பிரிவைச் சேராதோர்க்கு இவ்வறிவித்தலை அனுப்புக’ என்று விதி வகுத்தால், பிரிவே குறிக்கப்படாதவனுக்கும் அது போகும் என்று சாதாரண அறிவு எண்ணும். கணனியோ, ‘இவன் எப்பிரிவினன் என்று தெரியாது, ஆகவே அப்பிரிவைச் சேராதவன் என்றுஞ் சொல்ல இயலாது’ என முடிவுசெய்து அவனை விட்டுவிடும். தரவிலே இடம் பெறாதவன் நீதியிலும் இடம் பெறாமற் போவது இவ்வாறுதான். ஒவ்வொரு மாறிக்கும், பெறுமானம் இல்லாதவிடத்து என்ன செய்வது என்று தனியே சொல்லிவைத்தல் வேண்டும் என்பது அவள் கற்ற முதற்பாடம்.

இரண்டாவது பாடம் இவ்வளவு இலேசாக வரவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றிய இயந்திர இயக்குநர் ஒருவர் மாரடைப்பினாற் காலமானார். அடுத்தநாள் இலிகிதர் ஒருவர் அவருடைய பதிவைத் திறந்தார். ‘பணிநிலை’ என்ற மாறி ஏற்கக்கூடிய பெறுமானங்கள் இரண்டே: ‘பணியில் உள்ளவர்’, ‘விலகியவர்’. முதலாவது இனிப் பொருந்தாது. ஆகவே இரண்டாவதைத் தெரிந்தார். அவர் செய்ததிற் குற்றமில்லை. பெறுமானம் மாறிய கணமே விதி தூண்டப்பட்டது. ‘தங்களது பதவிவிலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. அடையாள அட்டையையும் நிறுவனத்தின் உடைமைகளையும் ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்கவும்’ என்ற கடிதம் அச்சாகித் தபாலிற் சேர்ந்தது. மூன்றாம் நாள் அவருடைய மனைவியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அதனை எடுத்தவள் அந்த விதியை வகுத்தவளே.

“அவர் விலகேல்லைப் பிள்ளை. ஒருநாளும் விலகிறன் எண்டு சொன்னதுமில்லை.”

இவ்வளவே அந்த அம்மையார் கூறியது. அழவில்லை, ஏசவுமில்லை. தம் கணவர்மீது சுமத்தப்பட்ட பொய்யொன்றை மறுப்பவர்போலப் பேசினார். அவளால் மன்னிப்புக் கேட்க மட்டுமே முடிந்தது.

துன்பம் அத்தோடு முடியவுமில்லை. கிரியைகள் முடிந்தபின் அந்த அம்மையார் வவுனியாவிலுள்ள சகோதரி வீட்டுக்குச் சென்றார். தரவேண்டிய பணம் உரிய இடத்துக்குச் செல்லவேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு இலிகிதர் பதிவிலுள்ள முகவரியைத் திருத்தினார். விதியோ ‘பதிவில் ஏதேனும் மாற்றம் நிகழ்ந்தால்’ என்ற நிகழ்வுக்குக் கட்டுப்பட்டிருந்தது. நிபந்தனை, ‘பணிநிலை விலகியவர் ஆயின்’ என்பது. முகவரி மாறியது, பணிநிலை இன்னமும் ‘விலகியவர்’, நிபந்தனை நிறைவேறிற்று. அதே கடிதம் மீண்டும் ஒருமுறை, இம்முறை புதிய முகவரிக்கு, தவறாமற் போய்ச் சேர்ந்தது.

இத்தவறு தொழில்நுட்பத்தில் நன்கு அறியப்பட்டதொன்றாகும். தூண்டல் இயங்கும்போது மாற்றத்திற்கு முந்திய பெறுமானமும் பிந்திய பெறுமானமும் ஆகிய இரண்டும் தனித்தனிப் பெயரிற் கிடைக்கும்படி தரவுத்தளங்கள் அமைக்கப்பட்டிருப்பது இதன்பொருட்டே. பழையது ‘பணியில் உள்ளவர்’ எனவும், புதியது ‘விலகியவர்’ எனவும் இருந்தால் மாத்திரமே உண்மையில் ஒரு விலகல் நிகழ்ந்திருக்கிறது. புதியதை மட்டும் நோக்கும் விதி, நிலையை நிகழ்வென மயங்குகிறது. மரணம் ஒருமுறை நிகழ்வது. மரணித்திருத்தல் என்றும் உள்ள நிலை. இவ்வேறுபாட்டை அறியாத விதி ஒரே மனிதனை எத்தனை தடவையும் வழியனுப்பும்.

ஆனால் மூல காரணம் அதனினும் ஆழத்தில் இருந்தது. ஒரு குறிக்கு இரண்டு பொருள் ஏற்றப்பட்டமையே அது. இவ்வகைத் தவறு ஓர் எளிய அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் பங்குச் சந்தையில் 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி நிகழ்ந்தது சான்றாகும். நைற் கபிற்றல் என்னும் பங்குத் தரகு நிறுவனம், 2003இல் பயன்பாட்டிலிருந்து விலக்கிய ஒரு நிரற்பகுதியைத் தன் மென்பொருளிலே நீக்காமல் விட்டிருந்தது. அப்பகுதியை இயக்குவதற்கென இருந்த குறிமாறியையே புதியதொரு நிரற்பகுதிக்கும் பயன்படுத்த முடிவுசெய்தது. புதிய நிரல் எட்டுச் சேவையகங்களில் ஏழிற்கு மாத்திரம் ஏற்றப்பட்டது. எட்டாவது விடுபட்டுப் போயிற்று. சந்தை திறந்ததும் அக்குறி ஏழு இடங்களிற் புதிய பொருளையும் ஓரிடத்திற் பழைய பொருளையும் உணர்த்தியது. 212 சிறு கட்டளைகளுக்காக, ஏறத்தாழ 45 நிமிடங்களில், 154 நிறுவனங்களின் பங்குகளில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நடந்தேறின. நட்டம் 460 மில்லியன் டொலருக்கும் அதிகம். சந்தை திறக்குமுன்பே நிறுவனத்தின் கணனித் தொகுதியொன்று, பழைய நிரலின் பெயரைச் சுட்டி 97 மின்னஞ்சல்களைத் தானாகவே அனுப்பியிருந்தது என்பதும் அமெரிக்கப் பிணையங்கள், பரிவர்த்தனை ஆணைக்குழு 2013இல் விடுத்த கட்டளையிற் பதிவாகியுள்ளது. அவை ஒரு குழுவினருக்குச் சென்றன. அபாய அறிவிப்பாக எவரும் அவற்றைக் கருதவில்லை. எல்லோருக்கும் அனுப்பப்பட்ட செய்தி ஒருவருக்கும் அனுப்பப்படாத செய்தியாயிற்று.

கொழும்பு அலுவலகத்திலே நட்டக் கணக்கு எதுவும் எழவில்லை. எனவே இது பெரிய விடயமன்று என்ற எண்ணமே முதலில் மேலோங்கிற்று. “வருடத்தில் ஒன்றோ இரண்டோ நடக்கும் சம்பவம். அப்படி நடந்தால் யாராவது அன்றைக்கு விதியை நிறுத்திவிடலாம்” என்றார் முகாமையாளர். அக்கூற்றில் நியாயமில்லாமலும் இல்லை. அரிதாக நிகழ்வதற்கெல்லாம் விதி வகுக்கப் புகுந்தால் விதிகள் பெருகும். பெருகிய விதிகள் ஒன்றையொன்று தூண்டும். ஆயினும் ஓய்வுபெற ஓராண்டே இருந்த மூத்த நிருவாக அலுவலர் ஒரேயொரு வினாவை எழுப்பினார்.

“சேர், அண்டைக்கு ஆர் நிப்பாட்டுறது? அண்டைக்கு முழுக் கந்தோரும் செத்தவீட்டில எல்லோ நிக்கும்?”

அதற்கு மறுமொழி இருக்கவில்லை. மனிதர் தம் மனிதத்தன்மையின் காரணமாகவே இடத்தை விட்டு அகன்றிருக்கும் நாளிலும் இயந்திரம் தன் ஆசனத்தை விட்டு எழுவதில்லை. எனவே அந்நாளுக்குரிய தயக்கத்தை முன்கூட்டியே அதனுள் வைத்தல் வேண்டும்.

அம்மூத்த அலுவலர் பழைய நடைமுறையையும் அவளுக்கு எடுத்துரைத்தார். கோவைகள் கடதாசியில் இருந்த காலத்தில், காலமானவரின் கோவை அட்டையிலே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடிடுவார்களாம். அக்கோட்டைக் கண்டவர் எவரும் அதிலிருந்து கடிதம் அனுப்பமாட்டார். அந்தியேட்டி முடிந்தபின்பே, முதலில் ஒருவர் வீட்டுக்குப் போய்வந்தபின்பே, எழுத்து வேலை தொடங்கும். இதனைக் கேட்டதும் அவள், ‘காத்திருப்பு நாட்கள்’ என்று ஒரு மாறியை அமைத்து அதற்கு 31 என்ற பெறுமானத்தைக் கொடுக்க விழைந்தாள்.

அங்கே இரண்டு தடைகள் எழுந்தன. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து வருட சேவையை நிறைவுசெய்தவரின் பணிக்கொடை, சேவை முடிவுற்று முப்பது நாட்களுக்குள் செலுத்தப்படவேண்டும் என விதிக்கிறது. மாத வேதனம் பெறுபவருக்கு ஒவ்வொரு நிறைவுபெற்ற வருடத்துக்கும் அரைமாத வேதனம் எனக் கணிக்கிறது. மரணத்தினாற் சேவை முடிவுற்றவிடத்து அது அவருடைய உரித்தாளருக்குரியது. வழக்கம் முப்பத்தொரு நாள் பொறுக்கச் சொல்கிறது. சட்டமோ முப்பது நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. மரியாதையின் பெயரால் விதவையின் பணத்தைத் தாமதிப்பது மரியாதையாகாது. இரண்டாவது தடை வேறொன்று. அவ்வலுவலகத்திற் பணியாற்றியோர் அனைவரும் இந்துத் தமிழரல்லர். பௌத்த வீடுகளில் ஏழாம் நாள் தானமும் மூன்றாம் மாதத் தானமும் முக்கியமானவை. முஸ்லிம் விதவை நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார். கிறித்தவ இல்லங்களின் முறை வேறானது. முப்பத்தொன்று என்று எழுதிவைத்தால், மேலைநாட்டு மென்பொருள் தமிழரின் பெயருக்குச் செய்ததையே அவள் பிறருடைய துக்கத்துக்குச் செய்தவளாவாள்.

ஈற்றில் அவள் வகுத்த முறை வருமாறு. ‘பணிநிலை’ ஏற்கும் பெறுமானங்கள் ஐந்தாயின: பணியில் உள்ளவர், விலகியவர், ஓய்வுபெற்றவர், சேவை முடிவுறுத்தப்பட்டவர், காலமானவர். எந்த விதியும் பழைய பெறுமானத்தையும் புதிய பெறுமானத்தையும் ஒப்பிட்ட பின்னரே இயங்கும். ‘காலமானவர்’ என்ற பெறுமானம் புகுந்ததும் இரண்டு செயல்கள் பிரிந்து செல்லும். ஒன்று உடனடியானது: கணக்குப் பிரிவிலே பணிக்கொடைக் கணிப்புத் தொடங்கும், ஊழியர் சேமலாப நிதிக்குரிய படிவங்கள் ஆயத்தமாகும், முப்பது நாளுக்கான எல்லைத் திகதி குறிக்கப்படும். மற்றையது காத்திருப்பது: குடும்பத்தினருக்குத் தானியங்கும் கடிதம் எதுவும் செல்லாது. அதற்குப் பதிலாக ஒரு செய்தி, குழுவொன்றுக்கன்றி, பெயர் குறிப்பிட்ட ஒரே அலுவலருக்குச் செல்லும். ‘வீட்டாரோடு பேசுக, எப்போது எழுதலாம் என அவர்களிடம் கேட்டு இங்கே பதிக’ என்பதே அச்செய்தி. காத்திருப்பு நாட்கள் என்ற மாறி வெறுமையாகவே தொடங்கும். அது நிரப்பப்படும்வரை அச்சியந்திரம் அசையாது. சிவப்புப் பென்சிற் கோடு இவ்வாறு மீண்டும் கோவைக்குத் திரும்பிற்று.

சோதிக்கும் முறையையும் அவள் மாற்றிக்கொண்டாள். முன்னர் அவள் சோதனைக்கென உண்டாக்கிய கற்பனை ஊழியர்கள் யாவரும் இரண்டு பெயர் உடையவர்கள். உரிய காலத்திற் சேர்ந்து முறைப்படி விலகுபவர்கள். அவர்களுள் ஒருவரும் இறந்ததில்லை. இப்போது ஒரே பெயருடையவர், பிரிவு குறிக்கப்படாதவர், விலகி மீண்டும் சேர்ந்தவர், காலமானபின் முகவரி திருத்தப்பட்டவர் எனப் பலரையும் உண்டாக்கி, அவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன கடிதம் போகிறது என்பதை வீட்டிலுள்ளவர் வாசிப்பதுபோல வாசித்துப் பார்த்தாள்.

இயந்திர இயக்குநரின் பணிக்கொடை இருபத்தாறாம் நாள் ஆயத்தமாயிற்று. காசோலையைத் தபாலில் அனுப்பாமல் மூத்த அலுவலரும் அவளும் வவுனியாவுக்குச் சென்றனர். அந்த அம்மையார் முந்திய கடிதங்களைப் பற்றி எதுவும் பேசவில்லை, தேநீர் கொடுத்தார், பற்றுச்சீட்டிலே கையொப்பமிட்டார். புறப்படும் வேளையில் உள்ளே சென்று, மடித்து வைத்திருந்த இரண்டு கடிதங்களையும் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

“இதுகள் வீட்டில கிடக்க வேண்டாம் பிள்ளை” என்றார்.

அக்கடிதங்கள் இரண்டும் ஆளணிப் பிரிவிலே, விதிகளை விளக்கும் கைந்நூலின் முதற்பக்கத்தில், பெயரும் முகவரியும் மறைக்கப்பட்ட நிலையில் இணைக்கப்பட்டுள்ளன. புதிதாக விதி வகுக்க வருவோர் எவரும் மாறிகளின் பட்டியலைப் பார்க்குமுன் அவற்றை வாசித்தல் வேண்டும் என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. மாறியின் பெறுமானம் எதுவென்பதைக் கணனி அறியும். அப்பெறுமானத்தின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதை விதி வகுப்பவரே அறிந்திருத்தல் வேண்டும்.